பச்சை படிந்த மீன்

தஞ்சோங் பகாரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். துறைமுகத்தில் வேலை பார்த்த தாத்தாவின் டின்னில் பச்சை படிந்த, சதுரமான செப்புக்காசு ஒன்று இருக்கிறதாம். புளி போட்டுத் தேய்த்தால் அதிலுள்ள மீன் பளிச்சென்று தெரியுமா என்று கேட்கிறார்.

தேய்க்காதீர்கள் அம்மா. அந்தப் பச்சை, அழுக்கல்ல. காற்றும் ஈரமும் பட்டுச் செம்பு தானே போர்த்திக்கொண்ட உறை அது. நுண்கோடுகள் பெரும்பாலும் அந்த உறையில்தான் பிழைத்திருக்கும். புளியின் அமிலம் உறையைக் கரைத்தால் மீனும் கூடவே போய்விடும். பிளாஸ்டிக் பையும் வேண்டாம், காகித உறை போதும்.

காசில் படம் எதற்கு? கிரேக்கர்கள் முதலில் சில்லறைக்கும் வெள்ளியைத்தான் அடித்தார்கள். ஏதென்ஸின் ஓபல் என்ற காசு முக்கால் கிராம்கூடத் தேறாது. அதிலும் கால் ஓபல் என்றால்? தொலையாமலிருக்க வாயில் அடக்கிக்கொண்டு சந்தைக்குப் போனார்கள். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் சிசிலி நகரங்கள் வெண்கலச் சில்லறைக்கு வந்தன. வெண்கலத்தின் விலை காசின் மதிப்புக்கு எட்டாது. ஊரை நம்பித்தான் வாங்க வேண்டும். எந்த ஊர் என்பதைப் படம் சொன்னது. கருங்கடலோர ஒல்பியாவோ காசையே டால்பின் வடிவில் வார்த்துவிட்டது! நம் சிங்கப்பூரின் 1967 ஒரு காசும் வெண்கலம்தான். அதில் அடுக்குமாடி வீடு. 2013-இன் ஐம்பது காசில் துறைமுகம்.

உங்கள் மீன் பாண்டியருடையதாக இருக்கலாம். பாண்டியர் காசுகள் பலவற்றில் ஒருபக்கம் யானை, மறுபக்கம் மீன். செதிலும் கண்ணும் தேடாதீர்கள். என் அம்மா புளோக் வாசலில் மாக்கோலமாக இழுக்கும் மீன்போல நாலைந்து கோடுகள், அவ்வளவுதான். எனக்குப் பிடித்தது பெருவழுதி என்ற பாண்டிய மன்னனின் காசு. தமிழ் பிராமியில் பெயர், ஒரு குதிரை, தொட்டிக்குள் ஆமைகள். குதிரையை வேள்வியோடு சேர்த்துச் சொல்கிறார்கள். ஆமைகளைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

1980-களில் இந்தப் பெருவழுதி காசைப் படித்து வெளியிட்டவர் 'தினமலர்' ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி. கரூர் அமராவதி ஆற்றில் கிடைத்த கிரேக்கக் காசுகளைப் பற்றியும் நூல் எழுதினார். அவர் கைக்கு வந்தவை தப்பின. மணல் சலித்தவர்கள் எடைக்குப் போட்டவை எத்தனையோ! பிறகு மணலையே லாரியில் அள்ளினோம். காசு கையில் இருந்தாலும், எந்த மண்ணடுக்கில், எதனோடு கிடந்தது என்று தெரியாமல் அது வணிகனின் மடியில் வந்ததா, பழைய உலோகமாக வந்ததா என்று எப்படிச் சொல்வது?