குறை காணும் கருவியிலும் குறை காண்போம்

நிபோங் திபால் வட்டாரத் தோட்டங்களில் லயத்துக்கு வரும் தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டால், நாம் முழுவதையும் தோண்டுவதில்லை. நடுவில் ஓரிடத்தில் திறந்து பார்க்கிறோம். அங்கே நீர் வந்தால் அடைப்பு கீழ்ப்பாதியில், வராவிட்டால் மேற்பாதியில்.

கணினிக்குரிய கட்டளைத் தொகுப்பாகிய நிரலை எழுதுவோரும் இவ்வாறே செய்கின்றனர். 2005ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய 'கிட்', நிரலில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் பேரேடுபோல் பதிந்து வைக்கிறது. அதிலுள்ள 'பைசெக்ட்' என்னும் கருவி, 1,000 மாற்றங்களில் பழுதை உண்டாக்கியது எது என்பதை ஏறக்குறைய 10 சோதனைகளில் காட்டிவிடும்.

அந்தக் கருவியையே ஒருவர் திருத்தினால்? திருத்தம் தவறானால், குற்றமற்ற மாற்றத்தின்மேல் பழி விழும். ஆகவே, பிறர் படித்துப் பார்த்த பிறகே அதை ஏற்கின்றனர். முக்கியமாகப் பார்க்க வேண்டியவை மூன்று: 'நல்லது', 'கெட்டது' என்னும் தீர்ப்புகள் இடம் மாறினவா? சோதிக்க இயலாததைக் கெட்டது என்று எண்ணிவிடுமா? திருத்தம் சரியென்று மெய்ப்பிக்கும் சோதனையும் உடன் உள்ளதா?

இது எழுதியவர்மேல் கொள்ளும் ஐயமன்று. நம் பிள்ளைகளும் கணினி கற்கும் காலம் இது. போட்ட கணக்கைப் பக்கத்துப் பிள்ளையிடம் காட்டிச் சரிபார்க்கப் பழக்குவோம். நம் கண்ணுக்குத் தப்பிய தவறு பிறர் கண்ணில் படும்.