திராட்சைக்கொடி உறங்காத ஊர்

திராட்சை எங்கே விளையும் என்று நான் வகுப்பில் வினவியபோதெல்லாம், மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளில் என்ற விடையே வரும். பாடநூல் அவ்வாறு கூறுகிறது, அதில் பிழையில்லை. ஆயினும் நம் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில், ஆண்டின் எந்தத் திங்களிலும் ஏதேனும் ஒரு தோட்டத்தில் திராட்சை பறிப்பதைக் காணலாம். இஃது எவ்வாறு இயலும்?

குளிர் நாடுகளில் பனிக்காலம் வந்ததும் கொடி இலையுதிர்த்து உறங்கிவிடும். பின்னர்த் துளிர்த்து, ஆண்டுக்கு ஒருமுறையே காய்க்கும். கம்பத்தில் அத்தகைய கடுங்குளிர் இல்லை. ஆகவே இங்கே கொடிக்குப் பருவத்தை வகுப்பது உழவரின் கத்தரியே. முற்றிய கிளைகளை அளவறிந்து நறுக்குவதைக் கவாத்து என்பர். கவாத்துச் செய்ததும் அடங்கிக் கிடந்த மொட்டுகள் துளிர்க்கும். அப்புதுத் தளிரிலேயே பூங்கொத்தும் தோன்றும். ஏறக்குறைய நான்கு மாதங்களில் பழம் கைக்கு வரும். கொடிக்குச் சிறிது ஓய்வளித்து மீண்டும் நறுக்குவர். இவ்வாறு இரண்டாண்டுகளில் ஐந்து மகசூல் வரை எடுப்பதுண்டு. தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து நாள் வேறுபடுவதால் அறுவடையும் மாறி மாறி வருகிறது.

பழம் ஓயாமையால் ஊரும் ஓய்வதில்லை. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, இராயப்பன்பட்டி முதலிய ஊர்களின் தோட்டங்களில் பந்தலுக்குக் கல்தூணும் கம்பியும் வேண்டும். உரமும் மருந்தும் வேண்டும். கவாத்துக்குத் தேர்ந்த கைகளும், பழம் ஏற்றப் பெட்டிகளும் லாரிகளும் வேண்டும். கம்பத்தின் வளர்ச்சிக்குக் கேரளம் செல்லும் சாலையைக் காரணம் காட்டுவோர் உண்டு. நான் அந்தக் கத்தரியையும் உடன் சேர்ப்பேன்.

நீரைப் பற்றியும் கூறவேண்டும். மேற்கே ஓடும் பெரியாற்றை மறித்து, பொறியாளர் பென்னிகுவிக் முன்னின்று கட்டிய அணை 1895-இல் நிறைவுற்றது. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே அந்நீர் கிழக்கே இப்பள்ளத்தாக்கில் இறங்குகிறது. வாய்க்கால் வழியே அது பாய்வது பெரிதும் நெல்வயல்களுக்குத்தான். திராட்சைத் தோட்டங்கள் பெரும்பாலும் கிணறுகளை நம்பியவை. எனினும் ஆற்றிலும் வாய்க்காலிலும் நீர் ஓடினால்தானே அருகிலுள்ள கிணறுகள் ஊறும்?

இடர் வானிலிருந்தும் வரும். இங்கு விளையும் பன்னீர் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. சாறு மிகுந்த பழம் அது. பழுத்த வேளையில் மழை பிடித்துக்கொண்டால் பழம் கெடக்கூடும். நெல்லைப் போலப் பத்தாயத்தில் கொட்டிவைக்கவும் வழியில்லை. ஆகவே நான்கு மாதம் கடன் வாங்கிப் பாடுபட்டவரும், வியாபாரி கூறும் விலைக்கு அன்றைக்கே பழத்தை ஏற்றி அனுப்ப வேண்டியவராகிறார்.