புறவெளிக் கேபிள் இணைப்புகளுக்கு ஒரு காப்புக்கூடு

மொட்டைமாடியில் தொலைக்காட்சிக்கென நிறுவப்பெறும் டிஷ்ஷிலிருந்து இறங்கும் கேபிள், மழைக்காலம் வந்துற்றதும் பழுதுறுதலைப் பலரும் கண்டிருப்பர். பெரும்பாலும் கேபிள் அறுந்திராது, கருவியும் கெட்டிராது. கெட்டது யாதெனின், இரு கேபிள்கள் கூடும் இணைப்பேயாம். கேபிளின் நடுவே ஓர் உலோகக் கம்பியும், அதனைச் சூழ்ந்து ஓர் உலோகப் பின்னலும் உள. இணைப்பின் வழி நுழையும் நீர், திரியில் எண்ணெய் ஏறுமாறு போல, அப்பின்னலைப் பற்றிப் பரவும். டிஷ்ஷின் முன்னுள்ள கருவிக்கு 13 அல்லது 18 வோல்ட் நேர்மின்சாரம் இக்கேபிள் வழியே செல்லுதலின், நனைந்த உலோகம் விரைவில் அரிக்கப்படும்.

இதற்கு மாற்றாகப் பலர் இணைப்பைப் பிளாஸ்டிக் டப்பாவிலிட்டு, எப்புறமும் இறுக அடைத்துவிடுவர். இது சாலச் சிறந்ததெனத் தோன்றினும், ஈண்டு ஒரு குற்றம் உண்டு. வெயிலில் டப்பாவினுள்ளிருக்கும் காற்று விரிந்து, நுண்ணிய பிளவுகளின் வழி வெளியேறும். திடீரென மழை பெய்து டப்பா குளிருங்கால், உள்ளழுத்தம் குறைந்து, அப்பிளவுகளே நீரை உள்ளிழுக்கும். புகுந்த நீருக்கோ போக்கிடமில்லை. ஆதலின், நீரைத் தடுத்தலோடு அமையாது, அது வெளியேறவும் வழி வைத்தலே தலையாய விதியாகும்.

அவ்விதிக்கேற்ற கூடு செய்தல் எளிது. 75 மில்லிமீட்டர் விட்டமுள்ள பி.வி.சி. குழாயில் ஒரு முழம் வெட்டி, மேல்வாயை மூடியிட்டு ஒட்டுக. கீழ்வாய் திறந்தே இருத்தல் வேண்டும். வெயில் மிகுதியாகப் படாத சுவரில் இதனைச் செங்குத்தாகப் பிணித்து, மின்சாரத்தை நிறுத்தியபின், இணைப்பை உள்ளே உயரத்தில் அமைத்துக் கட்டுக. இரு கேபிள்களும் வாய்க்குக் கீழே தாழ வளைந்து, பின்னர் மேல்நோக்கி நுழைதல் வேண்டும். அங்ஙனமாயின் கேபிளைப் பற்றி வழியும் நீர் வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். குளவியும் பல்லியும் குடிபுகாவண்ணம் வாயில் வலைத்துண்டு கட்டுக. காடிமணம் வீசும் சிலிக்கோன் பசையை இணைப்பின்மேல் இடற்க. அது உலருங்கால் வெளிவிடும் அமிலம் செம்பை அரிக்கும்.

இவையாவும் குறைந்த மின்னழுத்தமுள்ள கேபிளுக்கே பொருந்தும். 230 வோல்ட் வீட்டு மின்சாரம் செல்லும் இணைப்பை இத்தகைய கூட்டில் வைத்தல் உயிருக்கே ஏதமாம். அதற்கு உரிய தரமுள்ள பெட்டியும், உரிமம் பெற்ற மின்பணியாளருமே வேண்டும். இடி மின்னலையும் இக்கூடு தடுக்காது. கைத்தொழிலில் சிக்கனம் எவ்விடத்துத் தகும், எவ்விடத்துத் தகாது என அறிந்து செய்தலே அறிவுடைமையாம்.