கரையேற முயன்ற கடற்பேய்

தவளையைப் போல நீரிலும் நிலத்திலும் செல்லும் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று இருந்தால் எப்படி இருக்கும்? இது கதையன்று. 1944ஆம் ஆண்டில், இரண்டாம் உலகப் போர் முற்றியிருந்த வேளையில், ஜெர்மானியர் அத்தகைய கலம் ஒன்றைக் கட்டியே பார்த்துவிட்டனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'ஸேடாய்ஃபெல்'. 'கடற்பேய்' என்பது பொருள்.

ஓரிருவர் மட்டுமே ஏறிச் செலுத்தும் சிறு நீர்மூழ்கிகள் அந்நாளில் ஜெர்மனியிடம் இருந்தன. அவற்றைக் கடலில் இறக்குவதே பெரும்பாடு. பாரந்தூக்கி வேண்டும், வண்டி வேண்டும், தள்ளிவிட ஆட்கள் வேண்டும். 1944 ஏப்ரலில் இத்தாலியின் ஆன்சியோ கரையில், ஒருவர் செலுத்தும் டார்பிடோக்களை இறக்கியபோது, பல ஆழமற்ற நீரில் சிக்கி நின்றுவிட்டன. தானே உருண்டு கடலில் இறங்கித் தானே கரையேறும் கலம் இருப்பின் இத்தொல்லை இல்லையல்லவா?

கடற்பேயின் நீளம் ஏறத்தாழ 14 மீட்டர், எடை 35 டன், உள்ளே இருவர். நீர்மேல் செல்ல டீசல் எஞ்சின், மூழ்கிச் செல்ல மின்மோட்டார், அடியில் டாங்கிக்கு இருப்பன போன்ற சங்கிலிப் பட்டைகள். இரண்டு டார்பிடோக்களையோ கண்ணிவெடிகளையோ அது சுமக்க வேண்டும் என்பது திட்டம். வெள்ளோட்டத்தில் நீரில் நன்றாகவே நடந்துகொண்டது. நிலத்திலேதான் வினை வந்தது. பட்டைகளின் அகலம் போதவில்லை. எஞ்சினுக்கோ அத்தனை பாரத்தை இழுக்கும் வலு இல்லை. மாதிரிக்குக் கட்டிய ஒன்றோடு சரி. போர்முனையைக் காணாமலே அதுவும் அழிந்தது.

என்னைக் கேட்டால், அதில் ஏறிப் போருக்குச் செல்ல நேராதவர்கள் பேறுபெற்றவர்களே. மற்றச் சிறு நீர்மூழ்கிகளில் சென்ற இளைஞர் பலர் திரும்பவில்லை.

அதே 1944இல், டார்பிடோ என்னும் பெயர் தாங்கிய வேறொரு கருவி கடலிலிருந்து கரையேறி வேலையை முடித்தது. அதன் பிறப்பிடம் நம் பெங்களூர்! இங்குள்ள மதராஸ் சாப்பர்ஸ் படையில் பணியாற்றிய காப்டன் மக்ளிண்டாக் 1912இல் வகுத்த 'பெங்களூர் டார்பிடோ'தான் அது. வெடிமருந்து அடைத்த குழாய். ஒன்றோடொன்று பொருத்தி வேண்டிய அளவு நீட்டலாம். முள்வேலிக்கு அடியில் தள்ளிவிட்டு, எட்டப் பதுங்கி வெடிக்கச் செய்தால் வேலி பிளந்து வழி உண்டாகும். 1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கரையில் இறங்கிய அமெரிக்க வீரர்கள், ஜெர்மானியரின் முள்வேலிகளை இக்குழாய்களால் தகர்த்தனர். நீந்தாத பொருளுக்கு டார்பிடோ என்ற பெயர் ஏன் என்று பிள்ளைகள் கேட்கக்கூடும். மறைத்து வைத்து வெடிக்கும் பொருள்களையும் முற்காலத்தில் அப்பெயராலேயே வழங்கினர்.

அல்சூர் ஏரியை அடுத்த அப்படையின் தலைமையகத்தைக் கடந்து நம்மிற் பலர் நாள்தோறும் செல்கிறோம். தமிழர் மிகுந்த படையாதலால், அதன் வீரரை இன்றும் 'தம்பி' என்றே அழைக்கின்றனர். காப்டனின் பெயர் நூல்களில் இருக்கிறது. தம்பிகளின் பெயர்களை நம் வீடுகளில்தான் தேட வேண்டும். பாட்டனாரோ அவர்தம் தந்தையாரோ சாப்பர்ஸில் இருந்திருப்பின், அவர்கள் பெயரையும் ஊரையும் கேட்டறிந்து அன்பர்கள் நமக்கு எழுதியனுப்புவார்களாக. பழைய புகைப்படம் இருந்தால் அதன் படியும் வரவேற்கப்படும்.