அடியொலி காப்போர்

இசையரங்கொன்றில் நம் செவியை முதலிற் கவர்வது குரல். அடுத்துக் குழலோ வயலினோ. அவற்றின் கீழே நின்று அனைத்தையும் தாங்கும் ஒலியை நாம் கேட்கின்றோமெனினும் கவனிப்பதில்லை. அது நின்றுவிட்ட கணத்திலேதான் ஏதோ குறைந்துவிட்டதென உணர்கின்றோம். வீடு பார்க்க வந்தவர் எவரும் அத்திவாரத்தைப் புகழ்ந்து சென்றதில்லை.

இவ்வடியொலியைக் காப்போர் இரு சாராரை மலையகத்துத் தோட்டங்களில், சிலவிடத்து ஒரே லயத்தில், காணலாம். ஒரு சாரார் தப்படிக்கும் முதியோர். மற்றொரு சாரார் இன்னிசைக் குழுக்களில் பேஸ் கிதார் வாசிக்கும் இளைஞர். டிக்கோயாவுக்கு அணித்தான தோட்டமொன்றிற் பிறந்து வளர்ந்து, ஹற்றன் பகுதிப் பாடசாலைகளிலே கற்பித்து வரும் எனக்கு, இவர்கள் தத்தம் கருவியையும் அழைப்பையும் இசையையும் பற்றித் தம்முட் கதைப்பதை அருகிருந்து கேட்கும் வாய்ப்புப் பன்முறை கிட்டியது. அக்கதையிலே பொதிந்துள்ள அறிவு சிறிதன்று. அவ்வறிவுடையோர் பெயரை யாம் எங்கேனும் எழுதி வைத்தோமா என்னும் வினாவே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

முதலில் தப்பினை நோக்குவாம். நிலத்துக்குரிய கருப்பொருள்களை எண்ணப் புகுந்த தொல்காப்பியர் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் என்பனவற்றோடு பறையினையும் ஒன்றாக வைத்தெண்ணினார். குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை உரியதென்பது பின்வந்தோர் கூற்று. ஆயின் இலங்கை மலைநாட்டில் இன்று ஒலிக்கும் தப்பு அந்தக் குறிஞ்சிப் பறையின் நேர்வழித் தோன்றலன்று. 1820களிற் கோப்பித் தோட்டங்கள் தோன்றிய காலந்தொட்டுத் திருச்சி, மதுரை, சேலம், தஞ்சைப் பகுதிகளிலிருந்து கங்காணிமாரின் பின்னே வந்த மக்கள், தம் சிற்றூர்களின் தப்பினையும் உடன் கொணர்ந்தனர். கோப்பி நோயால் அழிந்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தொடங்கிய தேயிலை அதனிடத்தைப் பிடித்தது. பயிர் மாறியும் தப்பு மாறவில்லை. மேலும், அதற்கொரு புதிய தொழிலும் இங்கே வாய்த்தது. விடியுமுன் தொழிலாளரைப் பெரட்டுக் களத்துக்கு அழைக்கும் மணியாகத் தோட்ட நிருவாகம் அதனை ஆக்கிற்று. இருளைக் கிழித்தெழும் அவ்வொலியினைக் கொண்டே தலவாக்கலைத் தொகுதியின் முதல் நாடாளுமன்ற உறுப்பினராய் விளங்கிய சி. வி. வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்டம் பற்றிய தம் ஆங்கில நெடும் பாட்டைத் தொடங்கினார். யான் அந்தப் பெரட்டுத் தப்பினைக் கேட்டிலேன். என் பாட்டனார் அதனை வெறுப்போடு நினைவுகூரக் கேட்டதுண்டு. கோயிலிலும் கூத்திலும் அவரை ஆடச் செய்த அதே கருவிதான், குளிரில் அவரைப் படுக்கையினின்று எழுப்பியது!

தப்பின் உறுப்புக்கள் மிகச் சில. வளைந்த மரத்துண்டுகளை இணைத்த வட்டச் சட்டம். அதன் ஒருபுறத்தில் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி இழுத்துப் பிணித்த தோல். இடக்கைக்கு நீண்டு மெலிந்த மூங்கிற் குச்சி. வலக்கைக்குக் குறுகித் தடித்த குச்சி. இத்துணையே. ஆனால் இதனை ஒலிக்கச் செய்வதற்குத் தீ வேண்டும். தோல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித் தளர்வது. தளர்ந்தால் சுருதி இறங்கும். நாலாயிரம் அடிக்கு மேலே, பிற்பகலிலேயே பனிமூட்டம் இறங்கிவிடும் எங்கள் பகுதிகளில், காய்ச்சிய தப்பு அரைமணி நேரம் நின்றால் அதிசயம். ஆதலால் தப்புக்காரர் கூடுமிடமெல்லாம் ஒரு தீயுண்டு. அத்தீயைச் சுற்றியே அவர்தம் கதையும் நிகழும்.

கீழ்நாட்டிலே வைக்கோலைக் கொளுத்துவர். இங்கே வைக்கோலுக்கு எங்கே போவது? காய்ந்த மானாப்புல்லே முதல் விருப்பம். அது விரைவில் எரிந்து புகையின்றி அடங்கும். கவ்வாத்து மிளாரோ எங்கும் கிடைப்பதெனினும், அதன் தணல் நெடுநேரம் நின்று தோலைக் கருக்கிவிடும் என்பது எங்கள் தோட்டத்து மூத்த தப்புக்காரரின் முடிபு. எழுபது கடந்தவர். தப்பினைத் தீயின்மேற் காட்டி, பெருவிரலாற் சுண்டி, காதருகே கொணர்ந்து கேட்பார், மறுபடியும் காட்டுவார். வெப்பமானி எதுவும் அவருக்கு வேண்டியதில்லை. வெள்ளாட்டுத் தோல் விரைவிற் காயும், விரைவிற் கிழியும். மாட்டுத்தோல் தாமதித்துக் காயும், ஆனால் மழை தூறினாலும் சிறிது பொறுக்கும். இப்போது கடைகளில் வரும் செயற்கைத் தோல் தீயே வேண்டாதது. அதைப்பற்றி அவரிடம் கேட்டேன். "அது வெயிலுக்கும் மழைக்கும் ஒரே பேச்சுத்தான் பேசும், மாஸ்டர். நாம கேட்டதுக்குப் பதில் சொல்லாது" என்றார்.

இதனைப் பௌதிகவியல் வேறு சொற்களிலே கூறும். தோலின் இழுவிசை கூடக் கூடச் சுருதி ஏறும். பாரம் கூடக் கூட இறங்கும். ஈரம் இழுவிசையைக் குறைத்துப் பாரத்தைக் கூட்டுவதால் இருவழியாலும் தீங்கே செய்கின்றது. நடுவில் அடித்தால் தாழ்ந்த ஒலி மேலோங்கும். விளிம்பில் அடித்தால் மேலொலிகள் தலையெடுக்கும். சர் சி. வி. இராமன் 1920இலும் 1934இலும் வெளியிட்ட ஆய்வுகளில், மிருதங்கத்தின் வலந்தலையிற் பூசப்படும் கரணையே அதன் மேலொலிகளை இசையொழுங்குக்குள் கொண்டுவருவதெனக் காட்டினார். தப்புக்குக் கரணை இல்லை. எனவே அதன் மேலொலிகள் ஒழுங்குக்கு அடங்காதன. அதனாலேயே அதன் ஒலி வெடித்தெழுந்து மலைச்சரிவுகளைக் கடக்கின்றது. மண்டபத்துக்குள் இருந்து கேட்கத்தக்க கருவியன்று அது. அதனை மிருதங்கத்தோடு ஒப்பிட்டு நாகரிகமற்றதென இகழ்வோர், குன்றைக் கடக்க வேண்டிய ஒலிக்கும் கூடத்தை நிரப்ப வேண்டிய ஒலிக்கும் உள்ள வேறுபாட்டைச் சிந்தித்திலர் என்பேன்.

இனி மற்றைக் கருவிக்கு வருவோம். மேற்படி முதியவரின் பேரனே எங்கள் தோட்டத்துப் பேஸ் கிதார்காரன். என் பழைய மாணவனுங்கூட. பேஸ் கிதாரென்பது பெரும்பாலும் நான்கு தடித்த தந்திகளைக் கொண்டது. சாதாரணக் கிதாரின் தாழ்ந்த நான்கு தந்திகளுக்கும் ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பது. அமெரிக்க நாட்டு லியோ ஃபெண்டர் 1951இல் இதனை விற்பனைக்குக் கொணர்ந்தார். அதற்கு முன், ஆளுயரமுள்ள டபுள் பேஸ் என்னும் வாத்தியத்தைச் சுமந்து திரிந்து அவ்வொலியை எழுப்பி வந்தனர். இதன் மிகத் தாழ்ந்த தந்தி விநாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்வது. அவ்வொலி அலையின் நீளம் 8 மீற்றருக்கு மேல். அதனாலேதான் சிறிய பெட்டியில் அவ்வொலி பிறப்பதில்லை. பெரிய ஸ்பீக்கரும் வலிய அம்பும் வேண்டும். தோட்டத்து மேடையிலோ ஒரு ஜெனரேட்டர், இரவல் பெட்டி, அதனுள் ஓர் ஓரம் கிழிந்த கூம்பு. தன் கருவியைவிட அந்தப் பெட்டியைப் பற்றியே அவன் அதிகம் கதைப்பான்.

ஒருநாள் மாலை லயத்துக் காம்பராவின் அடுப்பிலே அவன் பானையில் நீரைக் கொதிக்க வைத்து, கிதார்த் தந்திகளைச் சுருட்டி உள்ளே இட்டுக் கொண்டிருந்தான். பாட்டனார் வாசலிலே தப்புக் காய்ச்சிக் கொண்டிருந்தார். தந்திச் சுற்றுக்களிற் படிந்த வியர்வையும் அழுக்கும் வெந்நீரிற் கரைந்துவிட, மங்கிய ஒலி சில நாட்களுக்கு மீள்கின்றது. புதிய தந்தி வாங்கும் பணம் மிச்சம். குளிரும் ஈரமும் கிதாரின் மரக்கழுத்தை வளைத்துவிடும் என்பதையும், அதனை நிமிர்த்த உள்ளே ஓர் எஃகுக் கம்பி உண்டென்பதையும் அவன் எனக்கு விளக்கினான். "ரெண்டு பேருக்கும் பனிதான் எதிரி, தாத்தா" என்றான். முதியவர் அதனை ஒப்புக்கொள்ளவில்லை. பனி இல்லாவிட்டால் தீயேது, தீ இல்லாவிட்டால் உட்கார்ந்து கதைப்பது எங்கே என்பது அவர் எண்ணம்.

அவ்விடத்தே அவன் ஜேம்ஸ் ஜேமர்சன் என்பவரைப் பற்றியும் கூறினான். அமெரிக்காவின் டெட்ரோயிட் நகரில், மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் கூடத்திலே 1960கள் முழுவதும் பேஸ் கிதார் வாசித்த கறுப்பினக் கலைஞர் அவர். தந்திகளை அறுந்தாலன்றி மாற்றவே மாட்டார் என்பர். பழைய தந்தியிலேயே தமக்கு வேண்டிய ஒலி உண்டென்பது அவர் கொள்கை. இதைக் கேட்டதும் பாட்டனார் முகம் மலர்ந்தது. பத்தாண்டு பழகிய தோலைப் புதிதுக்கு மாற்ற அவரும் விரும்புவதில்லை. உலகம் முழுதும் கேட்டு ஆடிய பாட்டுக்கள் பலவற்றில் ஜேமர்சனின் அடியொலி இருந்தும், 1971 வரை இசைத்தட்டு உறைகளில் அவர் பெயர் இடம்பெறவில்லை. 1983இல் அவர் இறந்தார். அவரது பெருமை பரவியது பெரும்பாலும் அதன் பின்னரே.

நம்மவரிடத்தும் இந்நிலையே. 1976இல் 'அன்னக்கிளி' மூலம் திரையிசைக்கு வந்த இளையராஜா, பேஸ் கிதாருக்கெனத் தனி மெட்டுப் போன்ற நடைகளை அமைத்தார். அவர் குழுவிலே அவற்றை நெடுங்காலம் வாசித்தவர் சசிதரன். தோட்டங்களில் ஒலிநாடாக்கள் தேயத் தேயக் கேட்டு வளர்ந்த எம் தலைமுறையினர்க்குப் பாடியவர் பெயர் தெரியும், இயற்றியவர் பெயர் தெரியும்; சசிதரன் என்னும் பெயரை யான் அறிந்தது என் மாணவன் வாயிலாகத்தான்.

அழைப்புக்களைப் பற்றிய கதைக்கு வந்தால், தாத்தாவும் பேரனும் இரு வேறு உலகத்தவர். இன்னிசைக் குழுவுக்குத் திருவிழா இரவும் கலியாண வரவேற்பும் உண்டு, முற்பணம் உண்டு, மேடையில் நாற்காலி உண்டு. தப்புக்கு வரும் அழைப்போ தீமிதிப்பு, கரகம், மாசியில் காமன் கூத்து, எல்லாவற்றுக்கும் மேலாக இழவு. சாமிக்கு ஓர் அடி, கலியாணத்துக்கு ஓர் அடி, இழவுக்கு ஓர் அடி, காமனுக்கு ஓர் அடி. எட்ட நின்று கேட்பவர் எவ்வீட்டில் என்ன நிகழ்ந்ததென அறிவர். இழவு வீட்டுக்கு மட்டும் இவ்வளவு தா எனக் கேட்பதில்லை என்றார் முதியவர். கொடுத்ததை வாங்கிக்கொள்வது. உணவு, எங்கே நிற்கச் சொன்னார்களோ அங்கே. இதற்குமேல் அவர் கூறவில்லை, யானும் கேட்கவில்லை. தப்படிப்பது இன்ன சாதியார்க்கு உரியதென ஒதுக்கி வைத்த வழக்கம் கடலைத் தாண்டியும் உடன் வந்துவிட்டதென்பது இம்மலரை வாசிப்போர் அறியாததன்று.

இசையைப் பற்றிய கதையில் மட்டும் இருவரும் ஒருவராயினர். காமன் கூத்திலே அமாவாசைக்குப் பின் காமன் ஊன்றி, பௌர்ணமியை ஒட்டி எரிப்பது வழக்கம். மன்மதன் எரிந்தபின் ரதி புலம்புவாள். அவ்வேளை அடி தணிய வேண்டும், ஆனால் நடை தளரலாகாது. இளையோர் கைவேகத்தைக் காட்ட முனைந்து அவ்விடத்தைக் கெடுத்துவிடுவதாக முதியவர் குறைபட்டார். "கை ஓடுறது பெரிய காரியமில்ல. அடி ஓடக்கூடாது." அவர் எதனைப் பார்த்து அடிக்கிறார் எனக் கேட்டேன். ஆடுவோரின் காலை என்றார். பேரன் சட்டென நிமிர்ந்தான். மேடையிலே அவனும் டிரம்ஸ்காரரின் கையைப் பார்ப்பதில்லையாம். பெருமுரசை மிதிக்கும் அவர் காலோடுதான் தன் தந்தியைச் சேர்ப்பானாம். ஆறாம் வகுப்பு முதல் பாடசாலையில் ஆதிதாளத்துக்கு எட்டு எண்ணிப் பழகியவன் அவன். பாட்டனாரின் திசிர நடையை வீட்டிலேயே கேட்டு வளர்ந்தும், அதனை இசையென்று எண்ணுமாறு எவரும் அவனுக்குச் சொல்லித் தந்ததில்லை. அவனுக்குக் கற்பித்தவருள் யானும் ஒருவன்.

தமிழ்நாட்டிலே நிலைமை சிறிது மாறி வருகின்றது. பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கிற்று. மாணவரும் மகளிரும் குழுக்களாய்க் கற்கின்றனர். இச்செய்தியை முதியவரிடம் கூறினேன். "அங்க சரி" என்றார்.

என் குற்றமொன்றையும் ஈண்டுக் கூறுதல் வேண்டும். எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழா அழைப்பிதழை எழுதிக் கொடுப்பவன் பல ஆண்டுகளாக யானே. நாதஸ்வர வித்துவான் பெயர், தவில் வித்துவான் பெயர், இன்னிசைக் குழுவின் பெயர், ஒலிபெருக்கி உரிமையாளர் பெயர் உட்பட அனைத்தையும் எழுதியிருக்கிறேன். கரகத்துக்கும் தீமிதிப்புக்கும் மூன்று இரவுகள் அடித்த தப்புக்காரர் பெயரை ஒருமுறையேனும் எழுதினேனல்லேன். ஜேமர்சனின் கதையைக் கேட்ட அன்றிரவுதான் அது எனக்கு உறைத்தது.

மறுநாள் முதியவரிடஞ் சென்று, அடுத்த அழைப்பிதழில் தப்புக் குழுவினர் நால்வர் பெயரையும் அச்சிட விரும்புவதாகக் கூறினேன். அவர் மகிழ்வாரென எதிர்பார்த்தேன். அவரோ நெடுநேரம் பேசாதிருந்தார். "பேரைப் போட்டா, நாங்க யாருன்னு கடதாசியிலே எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிடும், மாஸ்டர். ஒருத்தன் மகன் கொழும்புல கடையில நிக்கிறான். ஒருத்தன் மகளுக்கு இப்பத்தான் சம்பந்தம் பேசுறாங்க" என்றார். பெயரை மறைத்தல் அவமதிப்பென்று மட்டுமே எண்ணியிருந்த எனக்கு, பெயரை வெளியிடுதலும் ஒருவர்க்குத் தீங்காகலாம் என்பது அதுவரை தோன்றவில்லை. ஜேமர்சனின் பெயரை உறையில் அச்சிட்டதால் அவர் மகளின் திருமணம் நின்றிருக்காது. இங்கே கதை வேறு.

அவர் நால்வரையும் கலந்து பேசினார். இருவர் உடன்பட்டனர், ஒருவர் மறுத்தார், ஒருவர் மகளின் திருமணம் முடியட்டும் என்றார். தம் பெயரைப் போடலாமா என்று முதியவர் பேரனைக் கேட்டார். அவன் குழு ஹற்றன் நகரத்தது. குழுவினர் எவருக்கும் அவன் பாட்டனார் தப்படிப்பவர் என்பது தெரியாது. "போடுங்க, சேர்" என்றான் என்னை நோக்கி. சிறிது பொறுத்து, "இன்னார் பேரன்னு என் பேருக்குப் பக்கத்துல எழுத வேணாம். அத நானே சொல்லிக்கிறேன்" என்றான்.

அழைப்பிதழ் அவ்வாறே அச்சாயிற்று. தப்பு என்னும் தலைப்பின் கீழ் இரு பெயர்களும், அவற்றின்பின் 'குழுவினர்' என்னும் சொல்லும். நான்கு வரிகளுக்குக் கீழே, இன்னிசைக் குழுவினுள், பேஸ் கிதார் என்பதற்கு நேரே பேரனின் பெயரும்.