538 ரூபாய் பாலிசிக்கு ஏன் இத்தனை அலைச்சல்?

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டைப் பக்கம் பழைய டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டிகளுக்குக் குறைவே இல்லை. வேலைக்கு வருவது அதில்தான். நெய்வேலிக் களிமண்ணில் செய்த அகல் விளக்கும் பொம்மையும் சூளையிலிருந்து இறங்கியதும், உடையாமல் அட்டைப்பெட்டியில் அடுக்கிக் கடைக்குக் கொண்டுபோவதும் அதில்தான். பெரும்பாலும் இரண்டு கை, மூன்று கை மாறி வந்த வண்டிகள். அப்படி ஒன்றுக்குத் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் போடப் போகிறவர் ஏன் இவ்வளவு அலைய வேண்டியிருக்கிறது?

விலையில் குழப்பம் ஏதும் இல்லை. 75 சி.சி. வரை 538 ரூபாய், அதற்கு மேல் 150 சி.சி. வரை 714 ரூபாய் என்று 2022 ஜூன் 1 முதல் ஒன்றிய அரசு நிர்ணயித்தது. 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் சுமார் 635, 843. எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் இதே தொகைதான். எடுக்காமல் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 196ஆம் பிரிவின்படி முதல் முறை 2,000 ரூபாய், மறுபடி பிடிபட்டால் 4,000 ரூபாய் அபராதம். மூன்று மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு.

சிக்கல் விற்கிற பக்கத்தில் தொடங்குகிறது. விபத்தில் யாராவது இறந்தாலோ காயம்பட்டாலோ கம்பெனி கொடுக்க வேண்டிய இழப்பீட்டுக்கு உச்சவரம்பு கிடையாது. வாங்கும் பிரீமியமோ அரசு கட்டிவைத்த தொகை. ஏஜென்டுக்கும் இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு காலத்தில் தேர்ட் பார்ட்டிக்குக் கமிஷனே கிடையாது. 2017இல் இரண்டரை சதவீதம் வந்தது. 538 ரூபாயில் அது 13 ரூபாய்ச் சொச்சம். 2023இல் அந்த வரம்பு நீங்கினாலும் அடித்தொகை சிறியதுதானே? ஆகவே, "பழைய வண்டியா? ஃபுல் இன்சூரன்ஸ்னா போடலாம்", "சர்வர் இல்லை, அடுத்த வாரம் வாங்க" என்று பதில் வருகிறது. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்தவருக்கு அந்த அடுத்த வாரம் வருவதே இல்லை.

இப்படித் தட்டிக்கழிப்பது சரியல்ல. தேர்ட் பார்ட்டி காப்பீட்டைக் குறிப்பிட்ட அளவு ஏற்றே தீர வேண்டும் என்று இன்சூரன்ஸ் சட்டத்தின் 32டி பிரிவு கம்பெனிகளுக்குக் கடமை விதிக்கிறது. மறுத்தால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 என்ற இலவச எண்ணிலோ, 'பீமா பரோசா' தளத்திலோ புகார் செய்யலாம். நாட்டில் உள்ள வண்டிகளில் பாதிக்கு மேல் இன்சூரன்ஸ் இல்லை என்று நாடாளுமன்ற நிதி நிலைக்குழு 2024இல் கவலைப்பட்டது. அந்தப் பாதியை முழுக்க ஓட்டுகிறவர் தலையில் கட்டுவது நியாயமில்லை என்பதே என் எண்ணம்.

இரண்டாவது முடிச்சு ஆர்.சி. புக்கில் இருக்கிறது. விற்றவரிடம் 29, 30ஆம் எண் படிவங்களில் கையெழுத்து வாங்கி, பெயர் மாற்றாமலே வருஷக்கணக்கில் ஓட்டுவது நம் ஊர்களில் சாதாரணம். நடப்பில் இருக்கும் பாலிசி, வண்டியோடு சேர்ந்து புது உரிமையாளருக்குப் போய்விடும் என்றுதான் மோட்டார் வாகனச் சட்டத்தின் 157ஆம் பிரிவு சொல்கிறது. 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துப் பெயரை மாற்ற வேண்டும். அந்தப் பாலிசி முடிந்த பிறகுதான் தொல்லை. புதிதாகப் போட ஆர்.சி.யில் இருப்பவர் பெயர் கேட்பார்கள். அவர் எந்த ஊரில் இருக்கிறாரோ! இதில் விற்றவருக்கும் ஆபத்து உண்டு. ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது. என்றைக்கோ விற்ற வண்டிக்காகத் தீர்ப்பாயத்தின் நோட்டீஸ் வீடு தேடி வரலாம்.

புகைச் சான்றிதழ் இல்லாமல் இன்சூரன்ஸ் கிடையாது என்று யாராவது இன்னும் சொன்னால் நம்ப வேண்டாம். 2017இல் அப்படி உத்தரவிட்ட உச்ச நீதிமன்றமே 2024 ஜூலையில் தேர்ட் பார்ட்டிக்கு அந்த நிபந்தனையைத் தளர்த்திவிட்டது.

புது வண்டிக்காரர்களுக்கும் ஒரு செய்தி. கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காகத் தொடுத்த வழக்கில்தான், 2018 செப்டம்பர் 1 முதல் விற்கும் இருசக்கர வண்டிக்கு ஐந்தாண்டுத் தேர்ட் பார்ட்டி கட்டாயமானது. நல்ல ஏற்பாடு. ஆனால் ஐந்து வருஷம் மறந்திருந்த காகிதத்தை ஆறாம் வருஷம் யார் நினைவில் வைப்பார்கள்? 2018இலேயே அப்படி வாங்கிய வண்டிகளுக்கு 2023லேயே முடிந்துவிட்டது. விட்டுப்போயிருந்தால் பயப்பட வேண்டாம். தேர்ட் பார்ட்டி மட்டும் என்றால் பொதுவாக வண்டியை நிறுத்திக் காட்டும் சோதனை கிடையாது. கம்பெனியின் சொந்த இணையதளத்தில் வண்டி எண்ணும் சேஸிஸ் எண்ணும் கொடுத்து நேரே எடுக்கலாம். கைபேசி பழக்கமில்லாதவர் பிள்ளைகளிடம் சொல்லலாம். சில நாள் கழித்து எம்-பரிவாகன் செயலியில் பாலிசி ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். போலிக் காகிதம் அங்கே ஏறாது.

எல்லாம் முடிந்து பாலிசி கைக்கு வந்த பிறகும் ஒரு ஓட்டை உண்டு. தேர்ட் பார்ட்டி மட்டும் உள்ள பாலிசி, பின்னால் உட்கார்ந்து வருகிறவருக்குப் பொருந்தாது என்று 2006இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓட்டும் உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடும் தனிக் கணக்கு. மனைவியையும் குழந்தையையும் பின்னால் வைத்து ஓட்டுகிறவர், பின்னால் அமர்பவருக்கும் சேர்த்துப் போட எவ்வளவு கூடுதல் என்று கேட்டுவிட்டே பணம் கட்ட வேண்டும்.