மின்னஞ்சற் பேழை

ஒரு கடிதத்திற்கு உரிய தொழில்கள் மூன்று: எழுதுதல், கொண்டு சேர்த்தல், பேணிவைத்தல். இம்மூன்றும் வெவ்வேறு கைகளால் நடைபெறுவன என்பதற்குச் சான்று தேடித் திருமறை பயில்வோர் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. உரோமருக்கு எழுதப்பெற்ற நிருபத்தின் கருத்து பவுலடியாருடையது. அவர் சொல்ல எழுதியவர் தெர்தியு. கெங்கிரேயா ஊர்ச் சபையின் ஊழியக்காரியாகிய பெபேயாள் அதனைக் கொண்டு சென்றார் என்பது அறிஞர் பலர் கருத்து. அதனைப் பேணியும் படியெடுத்தும் பின்னோர்க்கு அளித்தவை பண்டைச் சபைகள். பேணுவார் இலராயின் ஏனையோர் உழைப்பு முழுதும் ஒரு தலைமுறையோடு ஒழிந்திருக்கும்.

நம் காலத்து மின்னஞ்சலில் இம்மூன்று தொழில்களும் பெரும்பாலும் ஒரே நிறுவனத்தின் கையில் ஒடுங்கிவிட்டன. உலாவியைத் திறக்கிறோம், அந்நிறுவனத்தின் பக்கத்திலேயே எழுதுகிறோம், அதன் வழியே அனுப்புகிறோம், வந்த கடிதங்களையும் அதன் வழங்கியிலேயே விட்டுவைக்கிறோம். இதில் வசதி மிகுதி என்பதில் ஐயமில்லை. ஆயினும் நமக்கு வந்த கடிதம் நம் வீட்டில் இல்லை என்பதை எண்ணுவார் சிலரே. எழுதுதலையும் பேணுதலையும் நம் கணினிக்கு மீட்டுக்கொள்ள ஒரு வழியுண்டு. எழுத்து வேலைக்கென்றே அமைந்த உரைதிருத்தி ஒன்றை அஞ்சல் மனையாக ஆக்கிக்கொள்வதே அவ்வழி. அதனை ஈண்டு விளக்குவாம்.

இத்துணை முயற்சி எற்றுக்கு எனின், இணையத் தமிழின் வரலாறே விடை கூறும். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் மரத்தடி, ராயர் காப்பி கிளப், அகத்தியர் முதலிய தமிழ்க் குழுக்கள் யாகூ நிறுவனத்தின் குழு அஞ்சல் வழியே இலக்கியம் உரையாடின. அந்நிறுவனம் 2019 டிசம்பரில் குழுக்களின் பழைய மடல்களைத் தன் தளத்தினின்று நீக்கத் தொடங்கிற்று. 2020 டிசம்பர் 15-ஆம் நாள் அச்சேவையையே நிறுத்திற்று. மடல்களை முன்னரே தம் கணினியில் இறக்கி வைத்தவர்க்கு அவை எஞ்சின. வணிகர் பயன் குறைந்த கிடங்கை மூடுவது இயல்பே. பொருளை வைத்தவர் திறவுகோல் தம்மிடம் இல்லை என்பதை மறந்திருந்தமையே இரங்கத்தக்கது.

இனி உரைதிருத்தியைப் பற்றிக் கூறுவாம். நாம் எடுத்துக்கொள்வது ஈமாக்ஸ் என்பது. இதன் முதல் வடிவம் 1976-இல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தோன்றியது. இன்று வழங்குவது ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985-இல் வெளியிட்ட குனு ஈமாக்ஸின் வழிவந்தது. விலையின்றிக் கிடைப்பது, உள்ளமைப்பை எவரும் படித்து மாற்றத்தக்கது. சப்பானிய ஆய்வாளர் செய்த பன்மொழி அமைப்பு 1997-இல் வெளிவந்த 20-ஆம் பதிப்பில் இதனோடு இணைந்தது. கட்டுரை எழுதவும் குறிப்பெடுக்கவும் பயன்படும் அதே இடத்தில் கடிதமும் எழுதலாம் என்பதே இதன் சிறப்பு. உரோமர் நிருபத்தின் உவமையால் சொல்வதாயின், ஈமாக்ஸ் நமக்குத் தெர்தியு.

தெர்தியு மட்டும் போதாது. வெளியிலிருந்து கடிதங்களைக் கொணர்வார் ஒருவர் வேண்டும். அத்தொழிலைச் செய்வது எம்பிசிங்க் என்னும் சிறு நிரல். லினக்ஸ் கணினிகளில் ஐசிங்க் என்னும் பொதியாக நிறுவப்படும். இது 1986-இல் மார்க் கிரிஸ்பின் வகுத்த ஐமேப் என்னும் நெறிமுறையைப் பின்பற்றி, 993-ஆம் வாயில் வழியே மறைகுறியிட்ட பாதையில் வழங்கியோடு பேசும். இதன் அமைப்புக் கோப்பில் நான்கு செய்திகளை எழுதவேண்டும்: கணக்கு யாது, தொலைவிலுள்ள பெட்டி யாது, நம் கணினியிலுள்ள பெட்டி யாது, அவ்விரண்டையும் இணைக்கும் வாய்க்கால் யாது என்பன அவை. வாய்க்காலைப் பற்றிய வரியில் 'புதியனவற்றை இழுத்தல் மட்டும்' என்னும் கட்டளையை முதலில் இடுவது நன்று. அவ்வாறிடின் நம் கை தவறினாலும் வழங்கியிலுள்ளது அழியாது. வழங்கியில் ஏதேனும் அழிந்தாலும் நம்மிடத்துள்ளது அழியாது. வீட்டில் படித்த கடிதம் கைப்பேசியில் படியாததுபோற் காட்டும் என்பது ஒன்றே குறை. பழகிய பின்னர் இருவழிப் போக்குக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இவ்வாறு வரும் கடிதங்கள் மெயில்டிர் என்னும் முறையில் அடுக்கப்படும். ஒரு கடிதத்திற்கு ஒரு கோப்பு என்பதே அதன் விதி. ஓலைக்கட்டில் ஓர் ஏடு சிதைந்தால் ஏனைய ஏடுகள் நிற்பதுபோல, ஒரு கோப்பு கெடினும் மற்றவை கெடா.

கடவுச்சொல்லை அமைப்புக் கோப்பில் வெளிப்படையாக எழுதிவைத்தல் ஆகாது. அதனைத் தனிக் கோப்பிலிட்டுக் குனு பிஜி என்னும் கருவியால் பூட்டிவைத்தல் வேண்டும்; எம்பிசிங்கும் ஈமாக்ஸும் வேண்டும்பொழுது அதனைத் திறந்து பெற்றுக்கொள்ளும். கூகுள் கணக்குடையார் இருபடிச் சரிபார்ப்பை ஏற்றபின், இதற்கென 16 எழுத்துகளால் ஆகிய தனிக் கடவுச்சொல்லைப் பெறலாம். கல்லூரி அளித்த முகவரியாயின் பொறுப்பாளரின் இசைவை முன்னரே கேட்டறிக.

அனுப்பும் தொழிலுக்கு வேறு நிரல் தேட வேண்டா. எஸ்எம்டிபி என்னும் அனுப்புநெறி 1982-இல் வரையறுக்கப்பட்டது. அதன்படி கடிதத்தை வழங்கியிடம் ஒப்படைக்கும் பகுதி ஈமாக்ஸிலேயே உண்டு. வழங்கியின் பெயரையும் 587 என்னும் வாயில் எண்ணையும் குறித்தாற் போதும். எழுதி முடித்துக் கண்ட்ரோல் விசையோடு சி விசையை இருமுறை அழுத்தின் கடிதம் புறப்படும். இணைப்பு இல்லாத வேளையில் கடிதங்களை வரிசையில் நிறுத்திவைத்துப் பின்னர் ஒருங்கே அனுப்பும் ஏற்பாடும் உண்டு. நெய்வேலியை அடுத்த முத்தாண்டிக்குப்பத்தில் வாழும் நமக்கு இதன் அருமை தெரியும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியால் ஆகும் மின்சாரம் தென்னாட்டு மாநிலங்கள் பலவற்றிற்குச் செல்கின்றது; அதுபோல நாம் நெய்வேலி நகரியத்து நண்பர்க்கு எழுதும் மின்னஞ்சலும் தொலைவிலுள்ள வழங்கிகளைச் சுற்றியே அவரை அடைகின்றது. மழை நாளில் அவ்வழி அறுந்தாலும் பழைய கடிதங்களைப் படித்தலும் புதிய விடை எழுதுதலும் தடையின்றி நடைபெறும்.

அடுத்தது தேடுதல். ஆயிரம் கடிதங்களுள் ஒன்றைக் கோப்புக் கோப்பாகத் திறந்து தேடுதல் இயலாது. தமிழ்க் கடிதத்திற்கு இன்னுமொரு தடையும் உண்டு. 'தமிழ்' என்னும் சொல்லில் இலக்கணத்தார் கண்ட எழுத்துகள் 3. யூனிகோடு முறையில் அஃது 5 குறிகள். யூடிஎஃப்-8 என்னும் வடிவில் அவை 15 பைட்டுகள். பழைய அஞ்சல் வழிகள் ஆங்கில எழுத்துகளுக்கே உறுதி அளித்தமையால், 1992-இல் வகுக்கப்பட்ட மைம் என்னும் முறைப்படி அவற்றை ஆங்கில எழுத்துகளும் எண்களுமாக மாற்றி அனுப்புவர். அம்மாற்றத்தில் அந்த 15 பைட்டுகள் 20 எழுத்துகளாக நீளும். ஆகவே கோப்பினை நேரே திறந்தால் தமிழே கண்ணுக்குத் தோன்றாது.

இதற்குத் துணையாவது நாட்மச் என்னும் நிரல். 'அதிகமொன்றும் இல்லை' என்பது அப்பெயரின் பொருள். அது கடிதத்தைக் கொணர்வதில்லை; அனுப்புவதுமில்லை. உள்ளவற்றின் குறிமாற்றத்தை அவிழ்த்துப் படித்து, நூலின் ஈற்றிலுள்ள சொல்லடைவு போன்றதோர் அடைவைச் செய்து, ஒவ்வொரு கடிதத்திற்கும் அடையாளச் சீட்டு ஒட்டுவதே அதன் பணி. ஈமாக்ஸினுள்ளேயே அதன் முகப்பைத் திறந்து, எஸ் விசையை அழுத்தித் தேடலாம். எம் விசையை அழுத்திப் புதுக் கடிதம் தொடங்கலாம். விளம்பர மடல்களில் நம்மை வேவு பார்க்க மறைத்துவைக்கும் தொலைப்படங்களை அது தானாகத் திறவாது என்பது மற்றொரு நன்மை.

தேடுதலில் தமிழ் மாணவர்க்குப் புணர்ச்சியறிவு பயன்படுகின்றது. 'கடிதம்' எனத் தேடினால் 'கடிதத்தை', 'கடிதத்தில்' என்பன கிடையா. மகர ஈறு கெட்டு அத்துச் சாரியை தோன்றும் என்பதை நாட்மச் அறியாது. நாம் அறிவோம். ஆதலின் 'கடித' என்று எழுதி அதன்பின் உடுக்குறி இட்டால், அவ்வாறு தொடங்கும் சொற்களெல்லாம் வந்து நிற்கும். வகுப்பறையிற் கற்ற நூற்பா கணினியிலும் பயன் தருதல் மகிழ்ச்சிக்குரியது.

தமிழில் எழுதுதற்கு ஈமாக்ஸின் அண்மைப் பதிப்புகளில் தமிழ்99 விசைமுறையும் இடம்பெற்றுள்ளது. கண்ட்ரோல் விசையோடு பின்சாய்கோட்டை அழுத்தித் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறலாம். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி உருவாகிய அம்முறையில் உயிர் ஒருபுறமும் மெய் மறுபுறமும் நிற்கும். மெய்யை அடுத்து உயிரை அழுத்தின் உயிர்மெய் பிறக்கும். நம் இலக்கண நெறியும் அதுவேயன்றோ?

இவ்வாறு கோப்பாகக் கடிதத்தைப் பேணுதலின் பயனை இன்னோர் எடுத்துக்காட்டால் காட்டலாம். யூனிகோடு பரவுமுன் தமிழ் மின்னஞ்சல்கள் பல்வேறு குறியேற்றங்களில் எழுதப்பட்டன. எழுதியவரின் எழுத்துரு படிப்பவரிடம் இல்லையெனில் பொருளற்ற குறிகளே தோன்றும். அக்குழப்பத்தைக் குறைக்க எழுந்த திஸ்கி என்னும் குறியேற்றத்தில் மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் பலவும் வெளிவந்தன. பின்னர், 2010-இல் தமிழ்நாட்டரசு யூனிகோட்டை ஏற்றது. திஸ்கியில் எழுதிய ஒரு பழங்கடிதம் கோப்பாக நம்மிடம் இருப்பின், லினக்ஸ் கணினியிலுள்ள ஐகான்வ் என்னும் கருவி அதனை யூனிகோடாக மாற்றித் தரும். கோப்பே இல்லையெனில் எக்கருவியும் உதவாது.

இம்முறையில் இடர்ப்பாடும் உண்டு. முதல் அமைப்பிற்கு ஓரிரு மாலைப் பொழுதுகள் செலவாகும். ஈமாக்ஸின் விசைகள் கைக்கு வரச் சில நாள் ஆகும். பேணும் பொறுப்பு நம்முடையதாதலின், வட்டு பழுதாயின் இழப்பும் நம்முடையதே. மற்றொரு வட்டில் திங்கள்தோறும் படியெடுத்து வைத்தல் இன்றியமையாதது. கைப்பேசியிற் கடிதம் பார்ப்பதை இது தடுப்பதில்லை; இரண்டும் ஒருங்கே நடைபெறலாம்.

மாணவ அன்பர்களே! கல்லூரிகள் பல, மாணவர்க்கு அளித்த அஞ்சல் முகவரியைப் படிப்பு முடிந்தபின் நிறுத்திவிடுகின்றன. ஆசிரியர் திருத்தி அனுப்பிய கட்டுரையும், நண்பர் தேர்வுக்கு முன்னாள் எழுதிய தேறுதல் மொழியும் அதனோடு மறையும். டாக்டர் உ. வே. சாமிநாதையர் தமக்கு வந்த கடிதங்களைப் பேணிவைத்தார். அவை இன்று நூலுருவம் பெற்று, ஏடு தேடிய காலத்தின் வரலாற்றை ஆராய்வார்க்குக் கருவூலமாய் விளங்குகின்றன. அவற்றை எழுதியோருட் பலர் தம் சொல் நூறாண்டு நிற்குமென்று கருதியிரார். நமக்கு வரும் கடிதங்களுள் எது நிற்கத்தக்கது என்பதை இன்று நாமும் அறியோம். அறியாதபோது அனைத்தையும் நம் மனையிற் பேணிவைத்தலே அறிவுடைமையாம். விடைபெறும் ஆண்டு வரை காத்திராது, இவ்விடுமுறையிலேயே அப்பணியைத் தொடங்குவோமாக.